வாஷிங் மெஷின் "உய்ங்ங்" என்கிறது, சுற்றவில்லை: மோட்டார் போய்விட்டதா?

எதிர் வீட்டு அக்கா போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். "தம்பி, மெஷின் போச்சுப்பா. உய்ங்ங்னு சத்தம் மட்டும் வருது, உள்ள எதுவும் சுத்தல. மெக்கானிக்குக்கு போன் பண்ணேன். சத்தத்தைச் சொன்னதுமே மோட்டார் போயிருக்கும், புதுசுதான் போடணும்ங்கிறார்."

பார்க்காமலே போனில் சொன்ன தீர்ப்பு. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். வாஷிங் மெஷினில் எது நின்றாலும் "மோட்டார் போச்சு" என்பது நமக்குப் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. ஆனால் இதே அக்கா, கோடையில் ஹால் ஃபேன் நொண்டியடித்தபோது எந்த மெக்கானிக்கையும் கூப்பிடவில்லை. பையனைக் கடைக்கு அனுப்பி ஒரு கண்டன்சர் வாங்கி வரச் சொல்லி மாட்டினார், ஃபேன் ஓடியது. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டன்சரைப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். கிட்டத்தட்ட அதே வகை மோட்டார்தான் வாஷிங் மெஷினுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

முதலில் எந்த மெஷின் என்று தெளிவாக்கிவிடுகிறேன். இங்கே பேசப்போவது பெரும்பாலும் இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் மெஷினைப் பற்றி. ஃப்ரண்ட் லோடு வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு மெஷின், இரண்டு மோட்டார்

செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் துவைக்கும் தொட்டிக்கு ஒரு மோட்டார், பிழியும் தொட்டிக்கு ஒரு மோட்டார். பிழியும் பக்கத்தைப் பலரும் "டிரையர்" என்பார்கள். அது துணியைக் காய வைப்பதில்லை, வேகமாகச் சுழற்றித் தண்ணீரை வெளியே விசிறுகிறது, அவ்வளவுதான்.

துவைக்கும் மோட்டார் கீழே ஓரமாக இருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் தொட்டிக்கு அடியில் இருக்கும் கியர் பாக்ஸுக்குப் போகும். கியர் பாக்ஸ்தான் தொட்டியின் அடித்தட்டில் நாம் பார்க்கும் சுழல்தட்டைத் திருப்புகிறது. பிழியும் மோட்டாருக்கு பெல்ட் கிடையாது, தொட்டிக்கு நேர் கீழே நின்று தானே அதைச் சுற்றும்.

இதிலேயே ஒரு சோதனை அடங்கியிருக்கிறது. ஒரு பக்கம் ஓடி, மறு பக்கம் ஓடவில்லை என்றால் வீட்டு கரண்ட், பிளக், மெயின் ஒயர் மூன்றும் சரி. கோளாறு அந்த ஒரு பக்கத்துக்குள்ளேதான். இரண்டு பக்கமும் ஒரே நாளில் நின்றுவிட்டால் இரண்டு மோட்டாரும் சேர்ந்து செத்தன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்.

மிதி தையல் மெஷினும் இந்த மோட்டாரும்

மிதித்து ஓட்டும் பழைய தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறீர்களா? பலகையை மிதித்த உடனே அது ஓடாது. வலது கையால் மேல் சக்கரத்தை நம் பக்கமாக ஒரு தள்ளு தள்ள வேண்டும். அந்தத் தள்ளுக்குப் பிறகுதான் கால் மிதிப்பது சக்கரச் சுழற்சியாக மாறும். கை வைக்காமல் மிதித்தால் பலகை அப்படியே அடம்பிடித்து நிற்கும், இல்லாவிட்டால் சக்கரம் பின்பக்கமாக ஓடி நூலை அறுத்துவிடும். கால் கொடுப்பது மேலும் கீழுமான அசைவு மட்டும்தான். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காலுக்குச் சொல்லத் தெரியாது.

நம் வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் கரண்டும் அந்தக் காலைப் போன்றது. அது விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடும் மின்சாரம். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி வைத்திருப்பார்கள். இதற்குத்தான் வைண்டிங் அல்லது காயில் என்று பெயர். கரண்ட் பாய்ந்ததும் காயில் காந்தமாகிறது. நடுவில் சுற்றும் உருளைக்கு ரோட்டார் என்று பெயர். அதற்கு எந்த ஒயரும் போவதில்லை. சுற்றியிருக்கும் காந்தம் மாறிக்கொண்டே இருப்பதால் ரோட்டாருக்குள் தானாகவே கரண்ட் பிறக்கிறது. அது வெளிக் காந்தத்தின் பின்னால் இழுபட்டு ஓடுகிறது.

ஆனால் வெளிக் காந்தம் சுற்ற வேண்டுமே! ஒரே ஒரு காயில் இருந்தால் அது சுற்றாது, வலுத்து மெலிந்து திசை மாறி ஊசலாடும், அவ்வளவுதான். ரோட்டார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாக இழுபட்டு நின்ற இடத்திலேயே நடுங்கும். ஊசலின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சம் என்பதால் நடுக்கம் விநாடிக்கு 100 முறை. அக்கா கேட்ட "உய்ங்ங்" அதுதான். மோட்டார் அடியோடு செத்துப்போனால் இந்தச் சத்தம் வராது. சுற்றத் தெரியாமல் திணறும் மோட்டாரின் சத்தம் அது.

சக்கரத்தைத் தள்ளிவிடும் கை: கெப்பாசிட்டர்

தையல் மெஷினில் கை செய்யும் வேலையைச் செய்ய மோட்டாருக்குள் இரண்டாவது காயில் ஒன்று வைத்திருக்கிறார்கள், முதல் காயிலுக்குச் சற்றுத் தள்ளி வேறு கோணத்தில். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் கொடுத்தால் பயனில்லை, இரண்டும் சேர்ந்து நடுங்கும். ஒன்று உச்சத்தில் இருக்கும்போது இன்னொன்று கொஞ்சம் முன்னதாகவே உச்சத்தைத் தொட்டிருக்க வேண்டும். ஒரே உரலில் இரண்டு பேர் உலக்கை போடும்போது ஒருவர் தூக்க மற்றவர் குத்துவதைப் போல. அப்போது காந்தத்தின் உச்சம் ஒரு காயிலிலிருந்து மறு காயிலுக்கு நகர்ந்து, வட்டமாகச் சுற்றத் தொடங்கும்.

இந்த நேர வித்தியாசத்தை உண்டாக்குவதுதான் கெப்பாசிட்டர். கடையில் கண்டன்சர் என்று கேட்டாலும் இதைத்தான் கொடுப்பார்கள். மின்சாரத்தை ஒரு கணம் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் சிறு டப்பா. அதன் கொள்ளளவை மைக்ரோஃபாரட் என்ற அளவில் மேலே அச்சடித்திருப்பார்கள். துவைக்கும் மோட்டாருக்கு ஏறக்குறைய 10, பிழியும் மோட்டாருக்கு அதில் பாதி அளவு என்பது பரவலாகக் காணப்படும் கணக்கு. சில மெஷின்களில் இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்திருப்பார்கள்.

இந்த டப்பா ஒரே நாளில் வெடித்துச் சாவது குறைவு. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் உலோகப் பூச்சு இருக்கும். வோல்டேஜ் எகிறும்போதெல்லாம் எங்காவது ஒரு புள்ளியில் ஓட்டை விழும், அந்த இடத்துப் பூச்சு ஆவியாகி ஓட்டை தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொள்ளளவு போய்விடும். பல வருடம் இப்படித் தேய்ந்து ஒரு நாள், நிறைய துணி போட்ட நாளாகப் பார்த்து, மோட்டார் கிளம்ப மறுக்கும். நேற்று வரை ஓடியதே என்று நாம் வியப்போம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வீட்டுக் கரண்டால் இந்த மோட்டாரைத் தானாகக் கிளப்ப முடியாது. இரண்டாவது காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்துதான் கிளப்புகின்றன. கெப்பாசிட்டர் தளர்ந்தால் மோட்டார் நல்லபடி இருந்தும் நின்ற இடத்தில் உறுமும்.

முதலில் காதைக் கொடுங்கள்

ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன் சத்தத்தைக் கேளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. பிளக், டைமர், ஒயர் என்று வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. பிழியும் பக்கமாக இருந்தால் மூடியை அழுத்தி மூடிப் பாருங்கள். மூடி திறந்திருக்கும்போது ஓடாமல் தடுக்க அங்கே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, அதன் தகடு வளைந்திருக்கலாம். இன்னொரு முக்கியமான சந்தேக நபர், எலி. மெஷினின் அடிப்பக்கம் திறந்தே இருப்பதாலும் பின்கட்டில் இருட்டாக இருப்பதாலும் எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. "மோட்டார் போச்சு" என்று என்னைக் கூட்டிப்போன ஒரு வீட்டில் கிழிந்த பனியன் துணி, வேர்க்கடலைத் தோல், நடுவில் நறுக்கென்று கடித்து வைத்த இரண்டு ஒயர். மோட்டார் தேமேயென்று நலமாக இருந்தது.

உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு சாத்தியம். ஒன்று கெப்பாசிட்டர். மற்றொன்று, ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, தண்ணீரும் துணியும் இல்லாமல், சுழல்தட்டைக் கையால் திருப்புங்கள். ஓரளவு இறுக்கமாக இருந்தாலும் திரும்ப வேண்டும். அடியோடு மறுத்தால் தட்டின் நடு ஸ்க்ரூவைக் கழற்றித் தூக்கிப் பாருங்கள். சில்லறைக் காசு, ஊக்கு, சட்டைப் பொத்தான், ஹேர்பின் என்று ஒரு புதையலே கிடைக்கும். பிழியும் தொட்டி கையால் சுற்றவில்லை என்றால் தொட்டிக்கு வெளியே நழுவி விழுந்த கைக்குட்டை அல்லது சாக்ஸைத் தேடுங்கள். அங்கே ஒரு பிரேக்கும் உண்டு. மூடியைத் திறந்ததும் தொட்டி நிற்பது அதனால்தான். மூடியை மூடினால் பிரேக் விலக வேண்டும், அதன் கம்பி நழுவியிருந்தால் பிரேக் பிடித்தபடியே மோட்டார் போராடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே. உறுமும் மோட்டாரை அப்படியே விட்டுவைக்காதீர்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் எடுக்கும், எல்லாம் சூடாக மாறும். "கொஞ்ச நேரத்துல சுத்திரும்" என்று ஐந்து நிமிடம் காத்திருந்தால் காயில் கருகி, மெக்கானிக் போனில் சொன்ன தீர்ப்பு நிஜமாகிவிடும். சிறிய செலவில் முடியும் கெப்பாசிட்டர் வேலையைப் பெரிய செலவாக்குவது இந்தக் காத்திருப்புதான்.

மோட்டார் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் தட்டு திரும்பவில்லை, ரப்பர் கருகும் வாடை வருகிறது என்றால் பெல்ட். பெல்ட்டின் முதுகிலேயே அளவு எண் அச்சடித்திருக்கும், அதைக் காட்டி வாங்கினால் போதும்.

இருபது நிமிடம் ஓடி நின்று, அரை மணி நேரம் கழித்துத் தானாகவே ஓடுகிறதா? மோட்டாருக்குள் சூட்டுக்காவல் சுவிட்ச் என்று ஒன்று ஒளிந்திருக்கும். சூடு எல்லை தாண்டினால் அது கரண்டைத் துண்டிக்கும், ஆறினால் மறுபடி சேர்க்கும். அது செய்வது சரியான வேலைதான். ஏன் சூடாகிறது என்பதுதான் கேள்வி: அளவுக்கு மீறிய துணியா, தளர்ந்த கெப்பாசிட்டரா, தேய்ந்து இறுகிய பேரிங்கா?

துவைக்கும் பக்கத்தில் மட்டும் இன்னொரு விசித்திரம் வரும். தட்டு ஒரு திசையில் நன்றாகச் சுற்றும், நிற்கும், மறு திசையில் சுற்ற வேண்டிய முறை வரும்போது சத்தமே இல்லாமல் சும்மா இருக்கும். இது டைமர். துவைக்கும் மோட்டாரின் இரண்டு காயில்களும் சம அளவு. டைமர் ஒருமுறை இந்தக் காயிலுக்கு நேராகக் கரண்ட் கொடுத்து மற்றதை கெப்பாசிட்டர் வழியாக விடும், அடுத்த முறை மாற்றிவிடும். திசை மாறுவது இப்படித்தான். கெப்பாசிட்டர் கெட்டிருந்தால் இரண்டு திசையிலும் தகராறு வரும். ஒரு திசை மட்டும் மௌனம் என்றால் டைமரின் ஒரு முனை தேய்ந்திருக்கிறது, அல்லது அந்த ஒயர் கழன்றிருக்கிறது.

சுருக்கமாக: மௌனம் என்றால் கரண்ட் வழியைப் பார்க்க வேண்டும். உறுமல் என்றால் கெப்பாசிட்டர் அல்லது சிக்கல். ஓடும் சத்தம் இருந்தும் அசைவில்லை என்றால் பெல்ட்.

பின்பக்கத்தைத் திறக்கும்போது

சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கி வெளியே எடுங்கள். பல வீடுகளில் ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், சுவிட்ச் அணைந்திருந்தாலும் மெஷினுக்குள் லைன் உயிரோடு இருக்கும். தரை காய்ந்திருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

அக்கா வீட்டு மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் துணித் தூசியும் சோப்புப் பொடியும் கலந்த ஒரு சாம்பல் படலம். அதற்குள் ஓரமாக வெள்ளை டப்பா, இரண்டு ஒயர் சொருகியபடி. பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் லேசாகத் தொப்பை போட்டிருந்தது. தொப்பை, விரிசல், கசிவு இதில் எது இருந்தாலும் மேற்கொண்டு சோதிக்க வேண்டியதே இல்லை.

ஆனால் தொடுவதற்கு முன் ஒரு வேலை. கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் டப்பா என்று சொன்னேன் அல்லவா? பெரும்பாலும் அது காயில் வழியாகவே வடிந்துவிடும். எங்காவது ஒயர் அறுந்திருந்தால் வடியாமல் உள்ளேயே காத்திருக்கும், தொட்டால் உதறும். பழைய குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு ஒயரையும் கெப்பாசிட்டரின் இரண்டு முனையில் சில விநாடி தொட்டுவையுங்கள். இருந்தால் பல்பு மினுக்கி அடங்கும்.

கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே என்று பிறகு தலையைச் சொறிய வேண்டியிருக்காது. கெப்பாசிட்டர் அளக்கும் வசதி உள்ள மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். மேலே 10 என்றும், கூட்டல் கழித்தல் 5 சதவீதம் என்றும் போட்டிருந்தால் 9.5க்கும் 10.5க்கும் நடுவில் காட்ட வேண்டும். அக்காவுடையது 3.1 காட்டியது. மீட்டர் இல்லாவிட்டால் டப்பாவையே கடைக்குக் கொண்டுபோங்கள், அங்கே அளந்து சொல்வார்கள்.

புதிதாக வாங்கும்போது மைக்ரோஃபாரட் எண் அப்படியே இருக்க வேண்டும். "இது கிடைக்கல, கொஞ்சம் பெருசு போட்டா ஸ்பீடா ஓடும்" என்பதை ஏற்காதீர்கள். வேகம் கூடாது, காயில்தான் சூடாகும். 440 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் பயந்து 250 போட்டது வாங்குவார்கள். கெப்பாசிட்டரின் குறுக்கே உண்டாகும் வோல்டேஜ் வீட்டு 230ஐ விட அதிகம், அதனால்தான் 440. குறைத்து வாங்கக் கூடாது.

புது டப்பா மாட்டி, மூடியைப் பூட்டி, பிளக்கைச் சொருகியதும் தட்டு முதல் திருப்பிலேயே கிளம்பியது. அக்கா சொன்ன முதல் வார்த்தை, "அப்போ ஃபேன் மாதிரியேதானா?" அவ்வளவேதான்.

லோ வோல்டேஜ் என்ற மாறுவேடக்காரன்

எல்லாம் சரியாக இருந்தும் மாலை நேரத்தில் மட்டும் மெஷின் திணறுகிறதா? இந்த வகை மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் குறைகிறது. ஆனால் இழுவிசை கிட்டத்தட்ட 61 சதவீதமாக விழுந்துவிடும். காலையில் ஐந்து சட்டையோடு ஓடிய மெஷின் இரவில் மூன்றுக்கே முனகும். மெல்லிய ஒயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தாலும் இதே கதைதான். அதன் பிளக் பின் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள், அணைத்த பிறகு.

நிஜமாகவே மோட்டார் போயிருந்தால்

கருகிய வாடை முதல் சாட்சி. மீன் கருவாட்டைச் சுட்டதும் வார்னிஷைச் சுட்டதும் கலந்தது போன்ற ஒரு நாற்றம், ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

உறுதி செய்ய மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். ஓம் என்பது கம்பி கரண்டுக்குக் காட்டும் தடையின் அளவு. மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் வரும். இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் அளந்தால், நல்ல மோட்டாரில் பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்கும். துவைக்கும் மோட்டார் என்றால் அந்த இரண்டும் சமம்: உதாரணத்துக்கு 40, 40, 80. பிழியும் மோட்டாரில் சமமாக இருக்காது, ஆனால் கூட்டல் கணக்கு பொருந்த வேண்டும். மீட்டர் எண்ணே காட்டாமல் எல்லை தாண்டியது என்று காட்டினால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. சமமாக இருக்க வேண்டியதில் ஒன்று மிகக் குறைந்திருந்தால் உள்ளே கம்பியோடு கம்பி ஒட்டிவிட்டது.

மெஷினை ஆன் செய்ததும் வீட்டு இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் காவல் சுவிட்ச்) டிரிப் ஆகிறது என்றால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். கரண்ட் மெஷினின் உடம்புக்குக் கசிகிறது. எர்த் இல்லாத பிளக்கில் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

காயில் போன மோட்டாரை வைண்டிங் கடையில் மறுபடி சுற்றித் தருவார்கள். கொடுக்கும் முன் செம்புக் கம்பியா அலுமினியக் கம்பியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலை குறைத்துச் சொல்பவர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் மனதில் வைத்திருப்பார்.

ஃப்ரண்ட் லோடு வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்ன கெப்பாசிட்டர் கதை உங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பழைய ஃப்ரண்ட் லோடுகள் பலவற்றில் மிக்ஸியில் இருப்பதைப் போல கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் இருக்கும். பிரஷ் என்றால் சுற்றும் பாகத்தை உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் சிறு கரித்துண்டு. உரசி உரசித் தேயும், தேய்ந்தால் தீப்பொறி பறக்கும், பிறகு டிரம் நிற்கும். ஜோடியாக மாற்றினால் மோட்டார் மறுபடி ஓடும்.

புதியவை இன்வெர்ட்டர் மோட்டார். கரண்ட் போனாலும் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் என்று நினைத்து இதை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பெயருக்கும் அந்த பேட்டரிப் பெட்டிக்கும் சம்பந்தமில்லை. மோட்டாரின் வேகத்தை மாற்ற உள்ளே ஒரு மின்னணு போர்டு கரண்டின் வடிவத்தையே மாற்றுகிறது என்பதுதான் அதன் பொருள். அந்த போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி கரண்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் தங்கும். அதனால் அந்த மெஷினில் திரையில் தெரியும் பிழைக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதோடு நம் வேலை முடிந்தது.